பாதி பீரை நாளைக்கு வைக்கலாமா?

பீர் பாட்டிலைத் திறக்க ஒரு விநாடி போதும். ஓப்பனர் இல்லாவிட்டால் சாவிக்கொத்து, மேஜை விளிம்பு, இன்னொரு பாட்டிலின் மூடி என்று கையில் அகப்பட்டதை வைத்துத் திறந்துவிடுகிறார்கள். பல்லால் கடித்துத் திறக்கும் சூரர்களும் உண்டு!

ஆனால் திறந்த பாட்டிலை எப்படி மூடுவது?

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. பெங்களூரில் ஒயின் கடைகளில் அதிகம் கைமாறுவது 650 மில்லி பெரிய பாட்டில். 330 மில்லி சின்ன பாட்டிலும் இருக்கிறது. ஆனால் மில்லிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் பெரிய பாட்டில்தான் கட்டுப்படியாகும். மாதச் சம்பளக்காரர் எதை வாங்குவார்? பெரியதைத்தான் வாங்குவார்.

வாங்கிய பிறகுதான் சங்கடம். பாதி குடித்ததும் “போதும்” என்று தோன்றுகிறது. காலையில் முதல் ஷிப்ட். அல்லது எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மிச்சத்தை என்ன செய்வது?

“மிச்சம் வைக்காதேண்ணே! நாளைக்குச் சப்புன்னு போயிடும்” என்கிறார் அறையில் கூடத் தங்கியிருப்பவர். காசு கொடுத்து வாங்கியதைச் சாக்கடையில் ஊற்ற மனம் வருவதில்லை. முடித்துவிடுகிறார்.

ஆசைப்பட்டுக் குடித்தது முதல் பாதி. மூடி இல்லாததால் குடித்தது மறுபாதி!

ஒரு பாட்டில், நாலு பெக்

“பீர்தானே” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

5 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் 32 மில்லிக்குச் சற்று அதிகமாகச் சுத்தச் சாராயம் இருக்கிறது. ஸ்ட்ராங் பீர் என்றால் 8 சதவீதம் வரை போகும். அந்தக் கணக்கில் ஒரு பாட்டிலில் 52 மில்லி.

விஸ்கி, பிராந்தி லேபிள்களில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். அதில் 30 மில்லி கொண்ட ஒரு சின்ன பெக்கில் இருக்கும் சாராயம் சுமார் 13 மில்லி. அதாவது 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில், நாலு சின்ன பெக்குக்குச் சமம். சாதாரண பீர் என்றாலும் இரண்டரை பெக்.

180 மில்லி குவார்ட்டரில் இருப்பது 77 மில்லி சாராயம். இரண்டு ஸ்ட்ராங் பீர் குடித்தவர் 104 மில்லி குடித்திருக்கிறார். குவார்ட்டர் குடித்தவரைப் பார்த்து அவர் முகம் சுளிப்பதில் அர்த்தமே இல்லை.

குடி எவ்வளவு குறைவானாலும் உடம்புக்குத் தீங்கில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. அதைப் படித்துவிட்டுக் குடியை நிறுத்தியவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. நிறுத்தாதவர்களுக்கு, பாதி பாட்டிலை மூடி வைக்கத் தெரிந்தால் அன்றைய கணக்கு நாலு பெக்கிலிருந்து இரண்டாகக் குறையும். மூடி சின்ன சமாசாரம்தான். கணக்கு சின்னது அல்ல.

பெரிய பாட்டில் என்பது இந்தியாவில் மட்டும் உள்ள வழக்கமும் அல்ல. ஜப்பானில் பெரிய பீர் பாட்டில் 633 மில்லி. ஆனால் அங்கே அதை மேஜை நடுவில் வைத்து, கைக்கு அடக்கமான சின்னக் கண்ணாடி டம்ளர்களில் ஒருவருக்கொருவர் ஊற்றிக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று பேருக்கு ஒரு பாட்டில். அதனால் மிச்சம் வைக்கும் பிரச்சினை வருவதில்லை. இங்கேயோ ஆளுக்கு ஒரு பாட்டில் என்பது எழுதாத சட்டம் ஆகிவிட்டது. இருவருக்கு ஒன்று என்று வாங்கினால் “கஞ்சன்” என்று பெயர் வந்துவிடுகிறது!

கியாஸ் எங்கே போகிறது?

பீரில் நுரை பொங்குவதற்குக் காரணம் அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு. சோடாவில் இருப்பதும் இதேதான்.

1767-ம் ஆண்டு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். விஞ்ஞானத்தில் ஆர்வம் உள்ளவர். பீர் பொங்கும் பெரிய தொட்டிகளின் மேல் ஒரு வாயு மிதந்துகொண்டே இருப்பதைக் கவனித்தார். அந்த வாயு படும்படி தண்ணீரை வைத்து எடுத்துக் குடித்துப் பார்த்தார். சுருக்கென்று இருந்தது. சோடா பிறந்த கதை இதுதான். சோடாவுக்குத் தாய்வீடு பீர் ஆலை!

பீரில் அதன் கொள்ளளவைப் போல இரண்டரை மடங்கு வாயுவை அடைத்து வைக்கிறார்கள். 650 மில்லி பாட்டிலுக்குள் ஒன்றரை லிட்டருக்கும் மேற்பட்ட வாயு இருக்கிறது. வெளியே எடுத்து அளந்தால் அவ்வளவு வரும். அழுத்தத்தினால் அது பீருக்குள் அடங்கிக் கிடக்கிறது.

எவ்வளவு அழுத்தம்? 30 டிகிரி வெயிலில் இருக்கும் ஒரு மூடிய பீர் பாட்டிலுக்குள் உள்ள அழுத்தம், கார் டயரில் அடிக்கும் காற்றின் அழுத்தத்துக்குக் குறையாது. அதே பாட்டிலைக் குளிர வைத்தால் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். குளிர்ந்த தண்ணீர் வாயுவைத் தன்னிடம் அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடான தண்ணீர் வெளியே தள்ளும்.

இது வெறும் பேச்சல்ல. ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் 1.7 லிட்டர் கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும். 20 டிகிரியில் 0.9 லிட்டர் கூடத் தேறாது. 30 டிகிரியில் ஏறக்குறைய 0.7 லிட்டர்தான்.

ஆகவே பாட்டிலைத் திறந்ததும் “டுஸ்” என்று கேட்கிறதே, அது அழுத்தம் விடுபடும் சத்தம். அந்த நொடியில் வாயு எல்லாம் ஓடிவிடுவதில்லை. பெரும்பகுதி உள்ளேயே இருக்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. குளிராக இருந்தால் மெதுவாக. புழுக்கமாக இருந்தால் வேகமாக. டம்ளரில் உயரத்திலிருந்து ஊற்றினால் மிக வேகமாக.

கியாஸ் போவது மட்டும் நஷ்டம் அல்ல. அது போன இடத்தில் காற்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. மனிதனுக்கு உயிர், பீருக்கு விரோதி. பிராணவாயு பட்ட பீரில் நாளடைவில் நனைந்த அட்டைப்பெட்டி போன்ற ஒரு வாடை வந்துவிடும்.

மூன்றாவது எதிரி வெளிச்சம். வெயில் பட்டால் பீரில் உள்ள ஹாப்ஸ் என்ற கசப்புச் சரக்கு மாறிப்போய் ஒருவித நாற்றம் கிளம்பும். இதற்குப் பயந்துதான் பழுப்புக் கண்ணாடி பாட்டில். பச்சைக் கண்ணாடி அவ்வளவு தடுக்காது. வெள்ளைக் கண்ணாடி தடுக்கவே தடுக்காது. மூடி போட்டுத்தானே வைத்தேன் என்று ஜன்னல் ஓரத்தில் வைத்தவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நுரை போன பீர் விஷம் ஆகிவிடுவதில்லை. அதில் உள்ள சாராயமும் புளிப்பும் கசப்பும் நோய்க்கிருமிகளை எளிதில் வளரவிடுவதில்லை. கெடுவது ருசி. பல நாள் திறந்து கிடந்தால் புளித்துக் காடி வாடை வரும். அந்த நிலைக்கு வந்ததைக் கொட்டிவிடுவதே நல்லது.

சோடா மூடியின் கதை

பீர் பாட்டில் மூடிக்கு வியாபாரப் பெயர் கிரவுன் கார்க். கிரீடம் போல ஓரத்தில் பற்கள் இருப்பதால் அந்தப் பெயர். சின்ன வயதில் சோடா மூடியைத் தட்டையாக்கி நடுவில் இரண்டு துளை போட்டு, நூல் கோத்துச் சுற்றி விளையாடாதவர் யார்?

இதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் பெயிண்டர். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக்காரர். 1892-ம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அப்போது மூடிக்கு 24 பற்கள். பின்னாளில் 21 ஆயின. எந்த நாட்டுச் சோடா மூடியை எடுத்து எண்ணினாலும் பெரும்பாலும் 21 தான் வரும். ஆரம்பத்தில் மூடிக்குள் மெல்லிய தக்கை வில்லை ஒன்று இருந்தது. இப்போது அந்த இடத்தில் பிளாஸ்டிக் பூச்சு.

பெயிண்டரைப் பற்றி ஒரு ருசிகரமான செய்தி உண்டு. அவருடைய கம்பெனியில் ஊர் ஊராகப் போய் மூடி விற்கும் சிப்பந்தியாக ஒருவர் இருந்தார். “ஒரு தடவை பயன்படுத்தியதும் தூக்கி எறிகிற பொருள் எதையாவது கண்டுபிடி. வாங்கியவன் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பான்” என்கிற ரீதியில் பெயிண்டர் அவருக்கு யோசனை சொன்னாராம். அந்தச் சிப்பந்தியின் பெயர் கிங் ஜில்லெட். ஆம், சவரப் பிளேடு ஜில்லெட்தான்!

பீர் மூடியை மறுபடி மூட முடியாததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. அது ஒரு தடவைக்கென்றே செய்யப்பட்டது. ஆலையில் மெஷின் அந்தப் பற்களை எல்லாம் ஒரே சமயத்தில் பாட்டிலின் உதட்டைச் சுற்றிக் கீழ்நோக்கி மடக்குகிறது. ஓப்பனர் போட்டு நெம்பும்போது மூடி நடுவில் வளைந்துவிடும். உள்பூச்சும் ஒரு பக்கம் நசுங்கிவிடும். பிறகு கையால் அழுத்தினாலும் நிற்காது. சிலர் கட்டையால் தட்டிப் பார்க்கிறார்கள். உதட்டுக் கண்ணாடி சில்லு பெயர்ந்து பீருக்குள் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. இந்த வேலையே கூடாது.

அமெரிக்காவில் சில பீர் மூடிகளைக் கையாலேயே திருகித் திறக்கலாம். திருகி மூடவும் முடியும்போலத் தோன்றும். ஆனால் அதுவும் பழைய இறுக்கத்துக்கு வராது. டின் பீரைப் பற்றிப் பேச்சே இல்லை. திறந்தால் திறந்ததுதான்.

பெயிண்டருக்கு முன்னால் மூடித் திறக்கும் பாட்டில்கள் இல்லாமல் இல்லை. 1875-ல் நியூயார்க்கில் சார்லஸ் டி குவில்ஃபெல்ட் என்பவர் கம்பி மூடிக்குக் காப்புரிமை வாங்கினார். பீங்கான் குமிழ், அதன் அடியில் ரப்பர் வளையம், இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் கம்பி. கட்டைவிரலால் தள்ளினால் திறக்கும். அழுத்தினால் மூடிக்கொள்ளும். எத்தனை தடவை வேண்டுமானாலும்! ஜெர்மனியிலும் ஹாலந்திலும் சில பீர்கள் இன்னமும் இந்த மூடியோடு வருகின்றன.

நம் கோலி சோடாவும் அந்தக் காலத்துச் சரக்குதான். இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1870-களில் உருவாக்கிய பாட்டில் அது. அதற்கு மூடியே கிடையாது. உள்ளே இருக்கும் கியாஸ்தான் கோலியைத் தூக்கி ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. கோலியை உள்ளே தள்ளினால் திறந்துவிட்டது. பிறகு கியாஸ் குறைந்துவிட்டால் கோலியைத் தூக்கிப் பிடிக்க ஆளில்லை! ஆகவே பாதி சோடாவை நாளைக்கு வைக்க கோலி உதவாது. இடுப்பு ஒடுங்கிய அந்தப் பாட்டிலைக் கழுவுவதும் பெரிய பாடு.

கம்பி மூடியை விட்டுவிட்டு உலகமே ஏன் சோடா மூடிக்கு மாறியது? விலை மலிவு என்பது ஒரு காரணம். மெஷினில் மடமடவென்று அடித்துத் தள்ளலாம் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம், வாங்குபவரின் நம்பிக்கை. ஒரு தடவை திறந்தால் மூடி வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். கையால் மூடித் திறக்கும் பாட்டில் என்றால், நடுவில் யாராவது பாதியை எடுத்துவிட்டுத் தண்ணீர் கலந்தாலும் தெரியாது.

வீட்டில் மறுபடி மூட முடியாதது நமக்கு இடைஞ்சல். கடையில் மறுபடி மூட முடியாதது நமக்குப் பாதுகாப்பு. இரண்டும் ஒரே மூடி செய்கிற வேலை. அதனால் ஒயின் கடையில் பாட்டில் வாங்கும்போது மூடியின் பற்கள் ஒரே சீராக மடிந்திருக்கின்றனவா, மூடியில் நெம்பிய தழும்பு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

பெங்களூருக்கும் பீருக்கும் உள்ள உறவு பழையது. நீலகிரியிலும் பெங்களூரிலும் வேறு இடங்களிலும் இருந்த சில பீர் ஆலைகளை ஒன்று சேர்த்து, தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-ல் ஒரே கம்பெனி ஆக்கினார். அதுதான் யுனைடெட் புருவரீஸ். அந்த நாளில் பீருக்குப் பெரிய வாடிக்கை வெள்ளைக்காரச் சிப்பாய்கள். பீப்பாயைத் திறந்தால் ஒரு கும்பலே காலி செய்துவிடும். மிச்சம் வைக்கும் கவலை, அறையில் தனியாக உட்கார்ந்து பாட்டில் திறக்கிறவனுக்கு வந்த கவலை.

கரண்டி வைத்தால்?

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள்.

பாட்டில் வாயில் பிளாஸ்டிக் காகிதம் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவது ஒன்று. இது பூச்சி விழாமல் தடுக்கும். பிரிட்ஜில் உள்ள குழம்பு வாடை ஏறாமலும் ஓரளவு தடுக்கும். கியாஸை நிறுத்தாது. மெல்லிய பிளாஸ்டிக்கும் ரப்பர் பேண்டும் அந்த அழுத்தத்துக்கு எம்மாத்திரம்?

துணியைச் சுருட்டி அடைப்பது அதைவிட மோசம். நூல் வழியாக வாயு போகும். பீரில் துணி வாடை வரும்.

மேல்நாட்டில் ஒரு நம்பிக்கை. திறந்த ஷாம்பேன் பாட்டிலின் வாயில் ஒரு வெள்ளிக் கரண்டியைக் காம்பு உள்ளே தொங்கும்படி வைத்தால் நுரை போகாது என்பார்கள். படித்தவர்களே இதை நம்பினார்கள். 1994-ம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ரசாயனப் பேராசிரியர் ரிச்சர்ட் ஸேரும், சமையல் விஞ்ஞானம் எழுதும் ஹெரால்ட் மெக்கீயும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கரண்டியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தது.

அப்படியானால் இவ்வளவு காலம் எப்படி நம்பினார்கள்? பாட்டில் குளிர்ந்த இடத்தில் இருந்தது. வாய் குறுகல். ஆகவே கரண்டி இல்லாவிட்டாலும் மறுநாள் கொஞ்சம் நுரை மிச்சம் இருந்திருக்கும். குளிர் செய்த வேலைக்குக் கரண்டி பெயர் வாங்கிக்கொண்டது!

உருப்படியாக வேலை செய்வது ரப்பர் அடைப்பான். பாட்டில் வாய்க்குள் நுழையும் ரப்பர் கட்டை, மேலே ஒரு நெம்புகோல். நெம்புகோலை மடக்கினால் ரப்பர் பருத்து இறுகிக்கொள்ளும். உதட்டை வெளியிலிருந்து பற்றிக்கொள்ளும் கொக்கி உள்ள அடைப்பான் இன்னும் நம்பகமானது. பாத்திரக் கடைகளிலும் பார் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். வெறுமே செருகிவைக்கும் ஒயின் தக்கை போதாது. கொஞ்ச நேரத்தில் கியாஸ் அதைத் தூக்கி எறிந்துவிடும்.

சின்ன சோடா கம்பெனிகளில் கிரவுன் மூடி அடிக்கும் கை மெஷின் இருக்கும். புது மூடி போட்டு அதில் அடித்தால் பாட்டில் ஆலையிலிருந்து வந்ததுபோல் ஆகிவிடும். ஆனால் பாதி பீருக்காக மெஷின் வாங்குவது, கொசுவுக்குப் பயந்து கோட்டை கட்டுவது மாதிரி.

பாட்டிலை நசுக்கலாமா?

எவ்வளவு நல்ல மூடி போட்டாலும், பாதி காலியான பாட்டிலில் ஒரு தொல்லை இருக்கிறது. மேலே உள்ள காலி இடம்.

பாட்டில் மூடியதும் பீரிலிருந்து வாயு கிளம்பி அந்தக் காலி இடத்தை நிரப்பும். அங்கே போதுமான அழுத்தம் வந்த பிறகே நிற்கும். சரிபாதி பீர், சரிபாதி காலி இடம் என்றால், பிரிட்ஜ் குளிரில் ஏறக்குறைய பத்தில் நாலு பங்கு வாயு மேலே போய்விடும். 30 டிகிரி சூட்டில் பத்தில் ஆறு பங்கு போய்விடும். மூடியில் ஓட்டை இல்லாமலே பீர் சப்பென்று ஆவது இப்படித்தான்.

பெரிய கூல்டிரிங்க் பாட்டிலை நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுகிறவர்கள் பலர். புத்திசாலித்தனம் போலத் தெரிகிறது. மறுநாள் பார்த்தால் பாட்டில் பழையபடி உப்பி நிற்கும்! உப்ப வைத்தது எது? பானத்திலிருந்து கிளம்பிய அதே கியாஸ். காற்று குறைந்தது லாபம். கியாஸைப் பொறுத்தவரை லாபம் இல்லை.

சரியான வழி, காலி இடமே இல்லாமல் செய்வது. எப்படி?

பாதி குடித்துவிட்டு யோசிக்கக் கூடாது. திறந்த உடனே முடிவு செய்ய வேண்டும். 650 மில்லி பாட்டிலை நன்றாகக் குளிர வைத்துத் திறந்து, டம்ளரில் ஊற்றுவதற்கு முன்பே பாதியைச் சின்ன பாட்டில் ஒன்றுக்கு மாற்றிவிட வேண்டும். 300 மில்லி அளவில் திருகு மூடி போட்ட சோடா பாட்டில் இதற்குத் தோது. கியாஸ் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட பாட்டில் அது. தண்ணீர் பாட்டில் வேண்டாம், அது மெல்லியது.

சின்ன பாட்டிலை முன்கூட்டியே கழுவிப் பிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். சோப்பு வாடை கொஞ்சம் கூட இருக்கக் கூடாது. சோப்பு நுரையைக் கொன்றுவிடும். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் வழியும்படி மெதுவாக ஊற்ற வேண்டும். கழுத்து வரை நிரம்பி, நுரை லேசாக வாயைத் தொடும்போது மூடியை இறுக்கிவிட வேண்டும். வாயில் நுரை இருந்தால் அங்கே காற்று இல்லை என்று அர்த்தம்.

பிறகு பிரிட்ஜில் நிமிர்த்தி வைக்க வேண்டும். கதவில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் ஆடும். இப்படி வைத்த பீர் மறுநாள் சாயங்காலம் நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் இழுத்துக்கொண்டு போகாமல் இருப்பது நல்லது. மாற்றும்போது கொஞ்சம் காற்று கலந்துதான் இருக்கும். அது தன் வேலையைக் காட்டாமல் விடாது.

பிரிட்ஜ் இல்லாத அறையில்? உண்மையைச் சொன்னால் வழி கிடையாது. ஈரத்துணி சுற்றி வைத்தாலும், தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வைத்தாலும் ராத்திரி முழுவதும் அந்தக் குளிர் வராது. அப்படிப்பட்டவர் சின்ன பாட்டில் வாங்குவதோ, அறைத் தோழரோடு ஒரு பாட்டிலைப் பங்கு போடுவதோதான் கணக்குக்குச் சரி. சின்ன பாட்டிலுக்கு மில்லிக்குக் கூடுதலாகக் கொடுப்பது நஷ்டம் என்கிறார்கள். வேண்டாமல் குடித்த பாதிக்குக் கொடுத்த காசு எந்தக் கணக்கில் சேரும் என்று அவர்கள் சொல்வதில்லை.

அவசரத்துக்கு மேல் தட்டு ஐஸ் அறையில் வைப்பவர்கள் உண்டு. மறந்துவிட்டால் பீர் உறையும். தண்ணீர் உறைந்தால் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பருக்கும். கண்ணாடி அதற்கு இடம் கொடுக்காது. காலையில் பிரிட்ஜ் முழுவதும் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க வேண்டியதுதான்.

பேன்சி கடைகளில் எண்ணெய்க்கும் ஜூஸுக்கும் என்று விற்கும் கம்பி மூடி பாட்டில்களிலும் எச்சரிக்கை தேவை. பார்வைக்கு ஜெர்மன் பீர் பாட்டில் போலவே இருக்கும். ஆனால் அழகுக்குச் செய்த மெல்லிய கண்ணாடி கியாஸ் அழுத்தத்துக்கு உடைந்துவிடலாம்.

குழந்தைகள் ஜாக்கிரதை

சோடா பாட்டிலில் பீரை ஊற்றி வைப்பது அறையில் தனியாக இருப்பவருக்குச் சரி. குழந்தை குட்டிகள் உள்ள வீட்டில் அது மிகப் பெரிய ஆபத்து.

குழந்தைக்குத் தெரிந்தது பாட்டிலின் உருவம்தான். பிரிட்ஜைத் திறந்து, மஞ்சள் நிறத்தில் நுரையோடு ஒரு கூல்டிரிங்க் பாட்டில் இருந்தால் குடித்துத்தான் பார்க்கும். கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயையும் ஆசிட்டையும் குழந்தைகள் குடித்துவிடுவது இப்படித்தான். பீர் அவ்வளவு கொடியது அல்ல என்று நினைக்கக் கூடாது. சாராயம் சிறு குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். மயக்கமும் வலிப்பும் வரலாம். குழந்தை குடித்துவிட்டது என்று தெரிந்தால், “தூங்கினால் சரியாகிவிடும்” என்று படுக்கவைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன குடித்தது என்பதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லவேண்டும். மறைத்தால் டாக்டருக்கு வைத்தியம் பார்க்கத் தெரியாமல் போகும்.

குடும்பஸ்தர்களுக்கு ஒரே வழி, பீர் பாட்டிலிலேயே வைத்து ரப்பர் அடைப்பான் போடுவது. கியாஸ் கொஞ்சம் குறையும். குறைந்துவிட்டுப் போகட்டும். சின்ன பீர் பாட்டில் ஒன்றைக் கழுவி வைத்துக்கொண்டு, பெரியதிலிருந்து அதற்கு மாற்றி அடைத்தால் அந்தக் குறையும் பெரும்பகுதி தீரும். பாட்டிலும் பீர் பாட்டிலாகவே இருக்கும், லேபிளும் இருக்கும். அதோடு குழந்தையின் கைக்கு எட்டாத மேல் தட்டில் வைக்க வேண்டும். மாமியார் கண்ணில் படாமல் இருக்கவேண்டும் என்று கீழே காய்கறிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள் சிலர். குழந்தைக்கு எட்டும் இடம் அதுதான்.

மூடியை நெம்பும்போதே கவனம் வேண்டும். மேஜை விளிம்பில் வைத்துத் தட்டினால் உதட்டில் சில்லு பெயரும். சில்லு பெயர்ந்த பாட்டிலில் எந்த அடைப்பானும் சரியாக உட்காராது. காலி பாட்டில் வாங்குபவர்கள் கழுத்தைத் தடவிப் பார்ப்பதும் இதற்காகத்தான். அந்தப் பாட்டில்கள் ஆலைக்குத் திரும்பி, சூடான காஸ்டிக் சோடா தண்ணீரில் கழுவப்பட்டு, மறுபடி பீர் நிரம்பி வருகின்றன. உதடு உடைந்த பாட்டிலில் புது மூடி பிடிக்காது. அதனால் அதை ஒதுக்கிவிடுகிறார்கள்.